வட்டி ஏறினால் யாருக்கு என்ன ஆகும்? நிதிச் செய்திகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழி

"மத்திய வங்கி வட்டியைக் கால் சதவீதம் உயர்த்தியது, பங்குச் சந்தை சரிந்தது." இப்படி ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டு, சரி, நமக்கென்ன என்று அடுத்த செய்திக்குப் போய்விடுபவர்கள்தான் அதிகம். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் என் கடன் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, ஓராண்டு தவறாமல் தவணை கட்டியும் அசல் ஏறக்குறைய அப்படியே நிற்பது தெரிந்தது. அன்றைக்குத்தான் கால்குலேட்டரைக் கையில் எடுத்தேன்.

இதைக் கற்றுக்கொள்ளப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், மாதத்துக்கு அரை மணி நேரம் போதும். பங்குச் சந்தை சத்தம் போடுகிற இடம் என்பதால் எல்லாக் கண்ணும் அதன் மேல்தான் இருக்கும். ஆனால் பொருளாதாரம் ஓடுவதும் நிற்பதும் பெரும்பாலும் கடனால். யாருக்குக் கடன் கிடைக்கிறது, என்ன வட்டிக்குக் கிடைக்கிறது, பழைய கடனைக் கட்ட யார் திணறுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்த வட்டி என்று பாருங்கள்

செய்தியில் 'வட்டி' என்று ஒற்றைச் சொல்லாக வந்தாலும் உள்ளே மூன்று வட்டிகள் இருக்கின்றன. ஒன்று, கொள்கை வட்டி. வங்கிகளுக்கு ஓரிரவுக்கோ சில நாட்களுக்கோ பணம் கைமாறுவதற்கான விலை. மத்திய வங்கி நேரடியாகத் தீர்மானிப்பது இதை மட்டும்தான். இந்தியாவில் ரெப்போ என்பார்கள், இங்கிலாந்தில் பேங்க் ரேட், அமெரிக்காவில் ஃபெடரல் ஃபண்ட்ஸ் ரேட். இரண்டாவது, வங்கி உங்கள் கடனுக்கு வாங்குகிற வட்டியும் உங்கள் டெபாசிட்டுக்குத் தருகிற வட்டியும். மூன்றாவது, அரசாங்கமும் பெரிய நிறுவனங்களும் பத்து, இருபது, முப்பது ஆண்டுகளுக்குக் கடன் வாங்கும்போது கடன் பத்திரச் சந்தை கேட்கிற வட்டி. இந்த மூன்றாவதை யாரும் மேடையேறி அறிவிப்பதில்லை. வாங்குபவரும் விற்பவரும் நாள் முழுக்கப் பேரம் பேசுவதில் அது உருவாகிறது.

மூன்றும் கைகோத்துக்கொண்டு போகும் என்று நம்பிவிட வேண்டாம். 2024 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் கொள்கை வட்டியைக் குறைக்கத் தொடங்கி, டிசம்பருக்குள் மொத்தம் ஒரு சதவீதப் புள்ளி குறைத்தது. ஆனால் அங்கே 30 ஆண்டு வீட்டுக் கடனின் வட்டி, செப்டம்பரில் 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2025 ஜனவரியில் 7 சதவீதத்தைத் தொட்டது. நீண்ட காலக் கடன் கொடுப்பவர் இன்றைய கொள்கை வட்டியை மட்டுமா பார்ப்பார்? வரப்போகும் ஆண்டுகளில் விலைவாசி எப்படி இருக்கும், அரசாங்கம் இன்னும் எவ்வளவு கடன் வாங்கும் என்ற கணக்கையும் சேர்த்துத்தான் வட்டி கேட்பார். 'வட்டி குறைந்தது' என்ற தலைப்பை நம்பி அந்த மாதங்களில் வீடு பார்க்கக் கிளம்பியவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைத்திருக்கும்.

அப்புறம், 'பேசிஸ் பாயின்ட்' என்ற சொல் அடிக்கடி வரும். நூறு பேசிஸ் பாயின்ட் சேர்ந்தால் ஒரு சதவீதப் புள்ளி. 25 என்றால் கால். அவ்வளவுதான்.

இரண்டாம் படி: விலைவாசியைக் கழித்துவிடுங்கள்

7 சதவீத வட்டி அதிகமா, குறைவா? விலைவாசி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. விலைவாசி ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறினால், கடன் வாங்கியவர் உண்மையில் சுமப்பது 5. விலைவாசி 9 ஏறினால், கடன் கொடுத்தவர்தான் ஆண்டுக்கு 2 சதவீதம் இழக்கிறார். திரும்பி வருகிற பணத்துக்கு முன்பு வாங்கிய அளவு பொருள் வாங்க முடியாது. இப்படிக் கழித்து வருவதை உண்மை வட்டி என்பார்கள்.

நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் வட்டியையும் மற்றதில் பணவீக்கத்தையும் (விலைவாசி ஏறும் வேகம்) எழுதி, வித்தியாசத்தைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். டெபாசிட் பணம் வளர்கிறதா, தேய்கிறதா என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: உங்கள் கடனை வைத்தே கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் செலவழிக்கலாம். ஏனென்றால் வட்டி பொருளாதாரத்துக்குள் நுழைகிற பெரிய வாசல் இதுதான்.

பத்து லட்சம் கடன், இருபது ஆண்டு, 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 7,753. வட்டி 9 சதவீதமானால் தவணை சுமார் 8,997. வட்டி கூடியது இரண்டு புள்ளிதான், தவணையோ 16 சதவீதம் கூடிவிட்டது. இது பலர் கவனிக்காத முதல் விஷயம்.

இரண்டாவது விஷயம் இன்னும் விசித்திரமானது. மாறும் வட்டிக் கடனில் பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டித்துவிடும். தவணை அதே 7,753தானே என்று நாமும் நிம்மதியாக இருப்போம். ஆனால் கடன் வாங்கிய புதிதிலேயே வட்டி 9 ஆகிவிட்டால், முதல் மாத வட்டி மட்டும் 7,500. கட்டுகிற 7,753-இல் அசலுக்குப் போவது வெறும் 253. இந்த வேகத்தில் கடன் முடிய எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? சுமார் 458 மாதம். இருபது ஆண்டுக் கடன் முப்பத்தெட்டு ஆண்டுக் கடனாகிவிட்டது! முதல்முறை இந்த எண் வந்தபோது தப்பாக அழுத்திவிட்டேனோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். தப்பில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கடன் கணக்கு அறிக்கையை வாங்கி, மாறும் வட்டியா நிலையான வட்டியா, மீதி அசல் எவ்வளவு, மீதி மாதங்கள் எத்தனை என்று பாருங்கள். பிறகு வட்டியை ஒரு புள்ளி ஏற்றியும் இறக்கியும் தவணையைக் கணக்கிடுங்கள். எக்செல் போன்ற எந்த விரிதாளிலும் இதற்கான சூத்திரம் இருக்கிறது.

இப்போது இதை லட்சக்கணக்கான குடும்பங்களால் பெருக்குங்கள். தவணைக்குக் கூடுதலாகப் போகிற பணம் வேறெங்கோ செலவாகாமல் நிற்கிறது. பைக் வாங்குவது தள்ளிப்போகிறது, பழைய பிரிட்ஜ் இன்னொரு வருடம் ஓடுகிறது. டெபாசிட் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் வட்டி கிடைக்கிறதே, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. முழுக்கச் சரியாகாது. கடன் வாங்கியவர்கள் கையில் வருவதைப் பெரும்பாலும் செலவழித்துவிடுகிறவர்கள். டெபாசிட் வைத்திருப்பவர்களோ கூடுதலாக வருவதையும் சேர்த்துவைக்கிறவர்கள்.

எல்லா நாட்டிலும் இது ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டுக் கடன் பெரும்பாலும் 30 ஆண்டுக்கு நிலையான வட்டியில் இருக்கிறது. 2022 மார்ச்சுக்கும் 2023 ஜூலைக்கும் இடையில் கொள்கை வட்டி ஏறக்குறைய பூச்சியத்திலிருந்து 5.25–5.50 சதவீதத்துக்கு ஏறியபோதும், ஏற்கெனவே 3 சதவீதத்தில் கடன் வாங்கியவர்களின் தவணை ஒரு காசு கூட ஏறவில்லை. அதனால் அவர்கள் வீட்டை விற்கவே தயங்கினார்கள். விற்றால் அடுத்த வீட்டுக்கு 7 சதவீதத்தில் அல்லவா கடன் வாங்க வேண்டும்? 2023-இல் அங்கே பழைய வீடுகளின் விற்பனை 1995-க்குப் பிறகு இல்லாத அளவுக்கு விழுந்தது. இங்கிலாந்தில் நிலையான வட்டி என்பது பெரும்பாலும் இரண்டு அல்லது ஐந்து ஆண்டுக்குத்தான். ஆகவே அங்கே வலி, ஒவ்வொருவரின் ஒப்பந்தமும் முடிய முடிய, தவணை முறையில் வந்து சேர்ந்தது.

நான்காம் படி: நிறுவனம் எப்படி யோசிக்கும்?

இது சுலபம். புது இயந்திரம் வாங்கினால் ஆண்டுக்கு 9 சதவீதம் வருமானம் வரும் என்று ஒரு நிறுவனம் கணக்குப் போடுகிறது. கடன் 7 சதவீதத்துக்குக் கிடைத்தால் வாங்கும். 10 என்றால் வாங்காது. வாங்காத இயந்திரத்துக்கு ஆள் எடுக்கத் தேவையில்லை. வேலைவாய்ப்பு இப்படித்தான் சத்தமில்லாமல் குறைகிறது; யாரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டியதுகூட இல்லை.

இன்னொன்றும் உண்டு. கெட்ட காலத்தில் வங்கிகள் வட்டியை ஏற்றுவதைவிட, கடனே இல்லை என்று சொல்லிவிடும். வட்டி விகிதப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. கடன் தரும் விதிகளை வங்கிகள் இறுக்கியிருக்கின்றனவா என்று பல மத்திய வங்கிகள் குறிப்பிட்ட இடைவெளியில் கேட்டு வெளியிடுகின்றன. என்னைக் கேட்டால், பங்குச் சந்தைக் குறியீட்டைவிட அதைப் படிப்பது உபயோகம்.

ஐந்தாம் படி: ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் சீசா பலகையைப் புரிந்துகொள்ளுங்கள்

வட்டி ஏறினால் பழைய கடன் பத்திரத்தின் விலை இறங்கும். இதை மனப்பாடம் செய்யாமல் போட்டுப் பார்த்துவிடுவோம். உங்களிடம் 1,000 முகமதிப்புள்ள பத்திரம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 50 வட்டி தரும். இன்றைக்குப் புதிதாக வருகிற பத்திரம் 80 தருகிறது. உங்களுடையதை யார் 1,000 கொடுத்து வாங்குவார்கள்? முதிர்வுக்கு, அதாவது அந்த 1,000 திரும்பி வருவதற்கு, இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது என்றால் சுமார் 972 கிடைக்கும். பத்தாண்டு இருக்கிறது என்றால் சுமார் 799-தான். காலம் நீள நீள அடி பலமாக விழும்.

பாடப்புத்தகக் கணக்கு மாதிரித் தெரிகிறதல்லவா? 2023 மார்ச்சில் ஒரு வங்கியையே சாய்த்தது இந்தக் கணக்குதான். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, வட்டி அடிமட்டத்தில் இருந்த காலத்தில் வாடிக்கையாளர் பணத்தைக் கொண்டு நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தது. வட்டி ஏறியதும் அவற்றின் மதிப்பு இறங்கியது. நஷ்டம் வெளியே தெரிந்ததும் மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முண்டியடித்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. அது வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி, திருப்பித் தராமல் போகும் அபாயமே இல்லாத அரசு ஆதரவுள்ள பத்திரங்கள் என்பதுதான் வேடிக்கை.

பங்குகளுக்கும் இதே தர்க்கம்தான், கொஞ்சம் மங்கலாக. பத்தாண்டு கழித்துக் கிடைக்கப்போகும் 100-க்கு இன்றைய மதிப்பு என்ன? 3 சதவீத வட்டியில் சுமார் 74. 8 சதவீதத்தில் சுமார் 46. இன்றைக்கு லாபமில்லை, எதிர்காலத்தில் கொட்டும் என்று சொல்கிற நிறுவனங்களின் பங்குகள் வட்டி ஏறும்போது ஏன் முதலில் விழுகின்றன என்பது இதிலிருந்தே தெரியும்.

ஆறாம் படி: சந்தை விழுந்தால் பொருளாதாரமும் விழுமா என்று சோதியுங்கள்

மூன்று சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

1987 அக்டோபர் 19. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. 1929-இன் பெரும் சந்தைச் சரிவு திரும்பிவிட்டது என்று பலர் பயந்தார்கள். ஆனால் மந்தநிலை வரவில்லை. அடுத்த ஆண்டும் பொருளாதாரம் வளர்ந்தது. மத்திய வங்கி மறுநாளே பணம் தரத் தயார் என்று அறிவித்தது. வங்கிகளும் கடன் கொடுப்பதை நிறுத்தவில்லை.

2008 செப்டம்பர் 15. அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. இந்த முறை உறைந்துபோனது கடன் சந்தை. யாரிடம் எவ்வளவு வாராக்கடன் ஒளிந்திருக்கிறது என்று தெரியாததால் வங்கிகள் ஒன்றையொன்று நம்ப மறுத்தன. சம்பளம் போடவும் சரக்கு வாங்கவும் குறுகிய காலக் கடனை நம்பியிருந்த நல்ல நிறுவனங்களும் மாட்டிக்கொண்டன. பங்கு விலை அன்றைக்கு 1987 அளவுக்கு விழவில்லை, ஆனால் உலகமே மந்தத்தில் விழுந்தது.

2020. மார்ச் 23 அன்று அடிமட்டத்தைத் தொட்ட அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு ஆகஸ்டிலேயே புதிய உச்சத்துக்குப் போனது. நடுவில், ஏப்ரலில், அமெரிக்க வேலையின்மை 14 சதவீதத்துக்கு மேல். தெருவில் கடைகள் மூடிக்கிடக்க, சந்தை மட்டும் எகிறியது. வட்டி பூச்சியத்தை ஒட்டி இருந்ததும் அரசுகள் பணத்தை இறக்கியதும் அதற்குப் பெரிய காரணங்கள்.

ஆகவே சந்தை விழுந்தது என்ற செய்தி வந்தால், கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் எத்தனை பேர், வங்கிகளின் பணம் அதில் மாட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் அது பெரும்பாலும் பங்கு வைத்திருப்பவர்களின் கவலையோடு நின்றுவிடும்.

ஏழாம் படி: எல்லைக்கு வெளியேயும் பாருங்கள்

ஒரு நாட்டில் வட்டி ஏறினால் பணம் அந்தப் பக்கம் நகரும், அந்த நாட்டு நாணயமும் பலமாகும். டாலர் விஷயத்தில் இது உலகத்தையே ஆட்டுகிறது. 2013 மே 22 அன்று ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னாங்கி, பொருளாதாரத்துக்குள் பணத்தை இறக்குவதற்காக மத்திய வங்கி பத்திரங்கள் வாங்கிவந்த அளவை வரும் மாதங்களில் குறைக்கலாம் என்று சொன்னார். வட்டியைத் தொடக்கூட இல்லை, சொன்னதோடு சரி. இந்தியா, இந்தோனேசியா, பிரேசில், துருக்கி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் நாணயங்கள் சரிந்தன. நம் ரூபாய், ஒரு டாலருக்கு 55-ஐ ஒட்டி இருந்தது, ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது. நாணயம் சரிந்தால் இறக்குமதியாகும் எண்ணெயின் விலை ஏறும், அதோடு மற்ற விலைகளும் ஏறும். அதைத் தடுக்க அந்த நாட்டு மத்திய வங்கி, தன் பொருளாதாரம் சோர்ந்திருந்தாலும், வட்டியை உயர்த்தும் நிலைக்குத் தள்ளப்படும்.

எட்டாம் படி: மத்திய வங்கியின் இக்கட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

வட்டி மாற்றத்தின் முழு விளைவு தெரிய ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம். ஷவரில் வெந்நீர்க் குழாயைத் திருப்பிவிட்டுக் காத்திருப்பது போலத்தான். இன்னும் சூடு வரவில்லையே என்று மேலும் திருப்பினால் கொஞ்ச நேரத்தில் உடம்பு வெந்துவிடும்.

1979 ஆகஸ்டில் பால் வோல்க்கர் ஃபெடரல் ரிசர்வ் தலைவரானார். 1980-இல் அமெரிக்கப் பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியது. 1981-இல் கொள்கை வட்டி 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. வீடு கட்டுபவர்கள் விற்காமல் கிடந்த மரத்துண்டுகளை அவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டர்களோடு வந்து அலுவலகத்தைச் சூழ்ந்தார்கள். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். 1983-இல் பணவீக்கம் 4 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. வோல்க்கர் சாதித்தார் என்று இன்று எழுதுகிறவர்கள் பலர், வேலை போனவர்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. விலைவாசி இறங்கியது உண்மை. அதற்கான விலையை எல்லோரும் சமமாகக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

ஒன்பதாம் படி: மாதம் அரை மணி நேரம்

நோட்டில் ஒவ்வொரு மாதமும் இவற்றைக் குறியுங்கள்: கொள்கை வட்டி, பணவீக்கம், புது வீட்டுக் கடனின் வட்டி, இரண்டாண்டு மற்றும் பத்தாண்டு அரசுப் பத்திரங்களின் வட்டி, டாலர் மதிப்பு, வேலையின்மை. மத்திய வங்கி அறிக்கையில் வட்டி எவ்வளவு என்பதைவிட, போன முறை இருந்த எந்தச் சொல் இந்த முறை இல்லை என்று தேடுங்கள். எல்லோரும் எதிர்பார்த்த உயர்வுக்குச் சந்தை அசையாது. எதிர்பாராத ஒரு சொல்லுக்குத் துள்ளும்.

பத்திர வட்டிகளைக் குறிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். வழக்கமாக நீண்ட காலக் கடனுக்குத்தான் வட்டி அதிகம். இரண்டாண்டு வட்டி பத்தாண்டு வட்டியைத் தாண்டிவிட்டால், பின்னால் மந்தம் வந்து வட்டி குறையும் என்று சந்தை நினைக்கிறது என்று பொருள். அமெரிக்காவில் பல மந்தங்களுக்கு முன்னால் இது நடந்திருப்பதால் இந்த அறிகுறிக்கு நல்ல மரியாதை. 2022 ஜூலையிலும் இது தலைகீழானது, 2024 செப்டம்பர் வரை, இரண்டு ஆண்டுக்கும் மேல், அப்படியே கிடந்தது. அறிவித்த மந்தம் மட்டும் வந்து சேரவில்லை. 2022 கடைசியில் நான் தேதி போட்டு எழுதிய 'அடுத்த வருடம் நிச்சயம் மந்தம்' என்ற வரி இன்னும் என் நோட்டில் இருக்கிறது. அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.